கைத்தொழிலுக்கும் ஒரு ஸனது

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நாம் எழுந்து, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நம் பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்களை வாசிப்பதும், பரிசு வழங்குவதும், உயர்கல்விக்கு உதவி பெற்றோரின் கணக்கை ஒப்படைப்பதும் வழக்கம். அந்தக் கணக்கு இந்த மலரின் பின்பகுதியில் அச்சாகியுள்ளது. இன்று நாம் பேச விரும்புவது அந்தக் கணக்கில் வராதவர்களைப் பற்றி. படிப்பைப் பாதியில் நிறுத்திக் கடலுக்குப் போனவர்கள், சபுர் போய்த் திரும்பியவர்கள், வீட்டிலிருந்தபடியே தையலும் சமையலும் செய்து குடும்பம் காக்கும் பெண்கள் ஆகியோரைப் பற்றி.

இரண்டு பேர் வந்தார்கள்

சென்ற ஆண்டில் நமது ஜமாஅத் அலுவலகத்திற்கு ஒரு சகோதரர் வந்தார். அரபு நாட்டில் பதினேழு ஆண்டுகள் குளிர்சாதன எந்திரங்களைப் பழுது பார்த்தவர். எந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லக்கூடியவர். ஊர் திரும்பியபின் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை கேட்டபோது, "என்ன சான்றிதழ் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரிடம் காலாவதியான இக்காமாவைத் தவிர வேறு தாள் எதுவும் இல்லை. "ஜமாஅத் லெட்டர் பேடில் ஒரு கடிதம் தாருங்கள்" என்று நம்மிடம் கேட்டார். நாமும் நல்லெண்ணத்துடன் எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தக்காரர் மரியாதையாகவே அதைத் திருப்பித் தந்துவிட்டார். "ஜமாஅத் கடிதம் நிக்காஹ்வுக்குச் செல்லும், ஏசி எந்திரத்துக்குச் செல்லாது" என்பது அவர் சொன்ன பதில். அந்தப் பதிலில் தவறு ஏதும் இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே ஆண்டில் ஓர் இளைஞரும் வந்தார். அவரிடம் பளபளக்கும் மூன்று சான்றிதழ்கள் இருந்தன. பணம் கட்டிப் பெற்றவை. ஒன்று மின்சாரம், ஒன்று கணினி, ஒன்று பாதுகாப்புப் பணி. நமது பள்ளிவாசலின் ஒளூக் கூடத்தில் எரியாமல் நின்ற ஒரு விளக்கைச் சரி செய்யும்படி சொன்னோம். அவரால் இயலவில்லை. வெட்கத்துடன் தலை குனிந்து நின்றார்.

முன்னவரிடம் கை இருக்கிறது, தாள் இல்லை. பின்னவரிடம் தாள் இருக்கிறது, கை இல்லை. கையும் தாளும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதே இன்று நம் மஹல்லாவின் வறுமைக்குப் பெரும் காரணங்களில் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

இப்போது ஏன் இது அவசரம்?

தங்கச்சிமடம் கடலை நம்பி வாழும் ஊர். மல்லிகை நாற்றுக்கும் பெயர் பெற்ற ஊர். இவ்விரண்டில் கடல்தொழிலின் நிலையை உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பாக் நீரிணையில் எல்லைத் தகராறும், படகுகள் பிடிபடுவதும், சிறையும் அபராதமும் நம் வீடுகளின் அன்றாடச் செய்தி. 2017ஆம் ஆண்டு முதல் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. அதற்கு முன்பு அது 45 நாட்களாக இருந்தது.

அதே 2017ஆம் ஆண்டில், இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளை மானியத்துடன் வழங்கும் திட்டம் தொடங்கியது. நம் ஊருக்கு அருகே பேய்க்கரும்பில் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் திறக்கப்பட்ட ஜூலை 27ஆம் நாளில்தான் அதற்கான ஆணைகளும் வழங்கப்பட்டன. 2000 படகுகள் என்பது இலக்கு. அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. கடன் சுமை ஒரு காரணம் என்றால், இரவு போய்க் காலையில் கரை சேர்ந்து பழகியவர் பல நாட்கள் ஆழ்கடலில் தங்கி, பிடித்த மீனைத் தரம் கெடாமல் காத்துக் கொண்டுவரும் தனித்திறனைப் பெறுவது எளிதன்று என்பதும் ஒரு காரணம். படகைக் கொடுத்துவிடலாம், கையைக் கொடுப்பதற்குக் காலம் வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கடலை விட்டுக் கரையேறும் நம் பிள்ளை வெறுங்கையுடன் வருவதாக நினைக்கக் கூடாது. விசைப்படகின் டீசல் எந்திரத்தை இரவு நடுக்கடலில் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் அவன். ஜி.பி.எஸ். கருவியையும், மீன் திரள் காட்டும் எதிரொலிக் கருவியையும், வயர்லெஸ்ஸையும் கையாளத் தெரிந்தவன். கம்பிக் கயிற்றைப் பின்னவும், வலையை முடியவும், ஐஸ் பெட்டியில் மீனை அடுக்கவும் அறிந்தவன். இத்தனையும் தெரிந்திருந்தும், வேலை கேட்டுப் போகும் இடத்தில் "எட்டாம் வகுப்பு" என்ற ஒரே சொல்லால் அவன் அளக்கப்படுகிறான்.

நமக்குப் புதிதல்ல

ஒருவர் எதைக் கற்றார், யாரிடம் கற்றார், அதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டா என்பதை எழுதித் தருவது நமது மார்க்கக் கல்விக்குப் பழகிய முறைதான். பழைய காலத்தில் ஓர் உஸ்தாத் தம் மாணவருக்கு 'இஜாஸா' வழங்கினார். அது பல ஆண்டுப் படிப்பு முழுவதற்கும் சேர்த்து வழங்கப்பட்ட ஒரே பட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குறிப்பிட்ட ஒரு நூலை இவர் என்னிடம் ஓதி முடித்தார், இதைப் பிறருக்குக் கற்பிக்க இவருக்கு அனுமதி அளிக்கிறேன் என்று ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே அமைந்ததும் உண்டு. எந்த உஸ்தாதின் வழியில் வந்த கல்வி என்ற தொடரும் அதனுடன் சேர்ந்திருந்தது. இன்றும் ஓர் ஆலிமின் பெயரோடு 'பாக்கவி' என்ற சொல்லைக் கண்டால், வேலூர் பாக்கியாத்தில் ஸனது பெற்றவர் என்று நாம் உடனே அறிந்துகொள்கிறோம். விசாரணை எதுவும் தேவைப்படுவதில்லை. கொடுத்த இடத்தின் நம்பகமே அந்தச் சொல்லின் மதிப்பு.

கடல்தொழிலிலும் இத்தகைய ஒழுங்கு இருந்தது. பாய்மரக் காலத்தில் ஒருவர் 'தண்டல்' ஆவதற்கு எந்தக் கல்லூரியும் இல்லை. ஆனால் காற்றும் நீரோட்டமும் நட்சத்திரமும் அறிந்தவர் என்று மூத்த தண்டல்களும் மரக்கல உரிமையாளர்களும் ஏற்றுக்கொண்ட பிறகே சுக்கான் அவர் கைக்கு வந்தது. அந்தச் சாட்சியம் வாய்மொழியாக இருந்தது. ஒருவரையொருவர் அறிந்த கரையோரத்தில் அது போதுமானதாகவும் இருந்தது. இன்று வேலை தருபவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறார். அவருக்கு நம் ஊர்ப் பெரியவரைத் தெரியாது. எனவே சாட்சியம் எழுத்துக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளும்படி திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் நமக்கு அறிவுறுத்துவதை நாம் அறிவோம். திறனுக்கும் அந்த ஒழுங்கு தேவைப்படும் காலம் இது.

குறுஞ்சான்று என்றால் என்ன?

உலகம் இதற்கு 'மைக்ரோ கிரெடென்ஷியல்' என்று பெயர் வைத்திருக்கிறது. நாம் 'குறுஞ்சான்று' என்று சொல்லலாம். யுனெஸ்கோ நிறுவனம் 2022ஆம் ஆண்டில் இதற்குப் பொதுவான விளக்கம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் தன் உறுப்பு நாடுகளுக்கு இதுபற்றிப் பரிந்துரை செய்தது. சாரத்தை எளிமையாகச் சொன்னால், ஒரு குறுஞ்சான்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவருக்கு எந்த ஒரு வேலை தெரியும்? அது எந்த அளவுகோலால் சோதிக்கப்பட்டது? சோதித்தவர் யார்? இந்தத் தாள் உண்மையானதுதானா என்பதை மூன்றாம் நபர் எங்கே சரிபார்க்கலாம்? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அது சுவரில் மாட்டுவதற்கான தாள் மட்டுமே.

நம் நாட்டில் இந்த எண்ணம் படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டில் மத்தியத் தொழிலாளர் துறை, தொழிற்கல்வியைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்துக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் பயிற்சி இன்றி நேரடியாகத் தேர்வுக்கு வர அப்போதே வழி செய்யப்பட்டது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டு, வேலைகள் படிநிலைகளாக வகுக்கப்பட்டன. 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்து ஏற்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' ஒரு பகுதியாயிற்று. சான்று வழங்குவோரை ஒழுங்குபடுத்த 2018இல் தேசியத் தொழிற்கல்விப் பயிற்சிக் குழுமம் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் வெளியான தேசிய கிரெடிட் சட்டகம், 30 மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட் என்றும், ஓராண்டுக்குரிய 1200 மணி நேரத்தை 40 கிரெடிட் என்றும் கணக்கிடுகிறது. பள்ளிப் பாடமானாலும் பட்டறைப் பயிற்சியானாலும் ஒரே அளவுகோல். அதாவது 30 மணி நேரம் முறையாகக் கற்றுத் தேறிய ஒரு சிறு திறனும் எண்ணிக்கையில் வரும். சேர்த்து வைத்தால் பெரிய தகுதிக்கு அது படிக்கல்லாகும்.

நமக்கு அண்டையில், கடலுக்கு அப்பால் உள்ள இலங்கையிலும் 7 படிநிலைகள் கொண்ட தேசியத் தொழிற்தகைமை முறை நடைமுறையில் உள்ளது. அங்கும் அனுபவசாலிகள் தம் திறனைச் சோதனைக்கு உட்படுத்திச் சான்று பெறுகிறார்கள்.

வேலை தருபவர் எதைப் பார்க்கிறார்?

இது ஏட்டளவில் மட்டும் உள்ள செய்தியன்று. நம் சபுராளிகள் பலர் பெயர் தெரியாமலே குறுஞ்சான்றோடு வாழ்ந்து வந்திருக்கிறார்கள். வெல்டிங் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். "என்ன வெல்டர்?" என்று கேட்டால் "3ஜி", "6ஜி" என்று பதில் சொல்வார்கள். 3ஜி என்பது தகட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்துக் காட்டுவது. 4ஜி தலைக்கு மேலே பற்றவைப்பது. 6ஜி என்பது 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைப்பது. பற்றவைத்த துண்டை வளைத்தோ கதிர்ப்படம் எடுத்தோ சோதிப்பார்கள். பட்டப்படிப்பைக் கேட்பதில்லை. புகழ்பெற்ற அமெரிக்கப் பொறியியல் விதிமுறை ஒன்றின்படி, ஆறு மாதங்கள் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் அந்தத் தகுதியே போய்விடும். எவ்வளவு சிறிய சான்று, ஆனால் எவ்வளவு துல்லியம்!

சிங்கப்பூரின் கட்டுமானத் துறைக்குச் செல்வோர் தமிழ்நாட்டில் உள்ள தேர்வு மையங்களில் குழாய்ப்பணி, மின்கம்பிப் பணி, டைல்ஸ் பதித்தல், கம்பி கட்டுதல் போன்ற ஒரு திறனில் தேர்வெழுதிச் செல்வதை நாம் அறிவோம். 'ஸ்கில் அடிப்பது' என்று மக்கள் பேச்சில் வழங்குவது இதுவே. சவூதி அரேபியா 2021இல் தொழில் திறன் சரிபார்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் இந்தியாவிலும் அதற்குத் தேர்வு மையங்கள் திறக்கப்பட்டன. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், குளிர்சாதன எந்திரப் பணியாளர், வாகன எலெக்ட்ரீஷியன் ஆகியோர் முதலில் அதில் சேர்க்கப்பட்டனர். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி விமானம் ஏறிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

கப்பல் பணிக்கும் இதுவே வழி. உயிர் காக்கும் முறைகள், தீத்தடுப்பும் தீயணைப்பும், முதலுதவி, தற்காப்பும் பொறுப்புணர்வும் ஆகிய நான்கும் உலகக் கடற்பணியாளர் உடன்படிக்கையின்படி அமைந்த அடிப்படைப் பயிற்சிகள். ஒவ்வொன்றும் சில நாட்களில் முடிவது, தனித்தனிச் சான்று உடையது. முதல் இரண்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதில் அச்சம் என்ன இருக்கிறது?

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பதில்லை. உள்ளூரிலேயே வாய்ப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நீண்ட காலமாக நடந்து வருகிறது. ஒயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்களுக்கு அது திறந்திருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிக்காதவர்களும், பட்டறை அனுபவத்தைக் காட்டித் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழி இருக்கிறது. இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இவற்றை விசாரிக்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் தொடங்கிய உணவுக் கையாளுநர் பயிற்சி ஒரே நாளில் முடிவது. இராமேசுவரத்திற்கு வரும் யாத்திரிகர்களை நம்பி உணவகம் நடத்துவோர்க்கும், கருவாடு பதப்படுத்துவோர்க்கும், வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் நம் சகோதரிகளுக்கும் அது பயன்படும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நம் வாசலில் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கடல்பாசி வளர்ப்பு, கூண்டில் மீன் வளர்ப்பு போன்றவற்றில் அங்கு நடக்கும் பயிற்சிகளுக்கு நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் போயிருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

நாம் செய்த தவறு

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியது அமானிதம். சில ஆண்டுகளுக்கு முன் நமது கல்விக் குழுவே ஒரு தனியார் பயிற்சி நிலையத்துடன் சேர்ந்து மூன்று மாதக் கணினி வகுப்பு நடத்தியது. பைத்துல் மாலிலிருந்து கட்டணம் செலுத்தினோம். விழா எடுத்துச் சான்றிதழ் வழங்கினோம். இதே மலரில் புகைப்படமும் வெளியிட்டோம். பின்னர் அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனபோது, அந்தச் சான்றிதழில் இருந்த எண்ணை எங்கும் சரிபார்க்க முடியவில்லை. அதை வழங்கியவர்கள் எந்த அரசு அமைப்பின் அங்கீகாரமும் பெற்றிருக்கவில்லை. அந்த நிலையத்தின் பெயர் இங்கு தேவையில்லை. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை நாம் கேட்கவில்லை என்பதே குற்றம். அந்தப் பிள்ளைகளிடம் இந்தச் சபையில் நாம் மன்னிப்புக் கேட்கிறோம்.

அரசுத் திட்டங்களிலும் குறை இல்லாமல் இல்லை. 2016இல் சாரதா பிரசாத் தலைமையிலான குழு, திறன் பயிற்சி அமைப்புகள் எண்ணிக்கை இலக்கைத் துரத்தியதையும், வேலை தருவோரின் தேவையைச் சரிவரப் பாராததையும் சுட்டிக்காட்டியது. பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது எளிது. அவர்களில் எத்தனை பேருக்கு அடுப்பு எரிகிறது என்று பார்ப்பதே கடினம். நாமும் இனி அந்தக் கடினமான கணக்கைத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'குறுஞ்சான்று இருக்கிறதே, பள்ளிக்கூடம் எதற்கு?' என்று எந்தப் பெற்றோரும் எண்ணிவிட வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேறியவரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சரிபார்ப்பு தேவை என்ற முத்திரை வருவதில்லை. வணிகக் கப்பலில் அடிப்படைப் பணியாளராகச் சேர ஆறு மாதப் பயிற்சிக்குப் போவதற்கும் பத்தாம் வகுப்பும், ஆங்கிலத்தில் குறைந்தது 40 விழுக்காடும் வேண்டும். சிறிய சான்று பெரிய படிப்பின் மேல் ஏற்றும் மாடி. அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது. கலாம் அவர்கள் படகோட்டியின் மகனாகப் பிறந்து, இராமநாதபுரத்துப் பள்ளியிலும் திருச்சியிலும் சென்னையிலும் முறையாகப் படித்துத்தான் உயர்ந்தார்கள். அவர்களுடைய வாப்பா படகு கட்டியபோது அருகிலிருந்து பார்த்த சிறுவனின் கண்ணும், பின்னர் பெற்ற கல்வியும் சேர்ந்துதான் ஒரு விமானப் பொறியாளரை உருவாக்கின. கையும் கல்வியும் பகைவர்கள் அல்ல.

இனிச் செய்ய வேண்டியவை

எனவே வரும் ஆண்டிற்கு ஐந்து பணிகளை உங்கள் முன் வைக்கிறோம். இந்தச் சபை ஒப்புதல் தந்தால், இன்ஷா அல்லாஹ், நிறைவேற்றுவோம்.

முதலாவது, திறன் பதிவேடு. நம் ஜமாஅத்தில் பிறப்பும் நிக்காஹ்வும் மௌத்தும் பதிவாகின்றன. யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் பதிவாகவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வரும். அதில் "என்ன படித்தீர்கள்?" என்பதோடு "என்ன செய்யத் தெரியும், எங்கே எத்தனை ஆண்டு செய்தீர்கள்?" என்றும் கேட்கப்படும். பெண்கள் பகுதியைப் பெண்களே நிரப்புவார்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்து, படுக்கையில் விழுந்த மாமியாரைப் பத்தாண்டு பராமரித்த பெண்ணுக்கு நோயாளிப் பராமரிப்பு தெரியாது என்று எவர் சொல்ல முடியும்? அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, தேவைப் பட்டியல். திறனை மட்டும் பதிந்தால் பாதிக் கிணறு. இந்தத் தீவிலும் மண்டபத்திலும் இராமநாதபுரத்திலும் உள்ள விடுதிகள், ஐஸ் தொழிற்கூடங்கள், படகுப் பட்டறைகள், மருத்துவமனைகள், கட்டுமான ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரை நேரில் கண்டு, எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, எந்தச் சான்றை ஏற்பீர்கள் என்று கேட்டு எழுதுவோம். வெளிநாட்டுத் தேவையை, தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடம் கேட்டறிவோம். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்த பிறகே எந்தப் பயிற்சிக்கும் பணம் செலவிடப்படும்.

மூன்றாவது, தடைக்காலத்தைப் பயன்படுத்துதல். 61 நாட்கள் படகு கரையில் நிற்கும்போது நம் இளைஞர்களும் சும்மா நிற்கிறார்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் பத்து நாட்கள் அமர்ந்தால் 30 மணி நேரம் ஆகிவிடும். அடுத்த ஏப்ரல் 15ஆம் நாளுக்கு முன் பதிவேடு முடிந்திருக்க வேண்டும், அன்று முதல் வகுப்பு தொடங்க வேண்டும் என்பது நம் இலக்கு.

நான்காவது, திரும்பி வந்த சபுராளிகளை ஆசிரியர்களாக்குதல். முன்னே சொன்ன அந்தக் குளிர்சாதனப் பணியாளரிடம் இதுபற்றிப் பேசியிருக்கிறோம். கோட்பாட்டுக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லப் பழக வேண்டும் என்பதே அவருடைய ஒரே தயக்கம். நம் பட்டதாரிப் பிள்ளைகள் இருவர் அவருக்கு எழுத்தைச் சொல்லித் தருகிறார்கள். அவர்களுக்கு அவர் எந்திரத்தைச் சொல்லித் தருகிறார். விளக்கைச் சரி செய்ய இயலாமல் நின்ற அந்த இளைஞரும் இப்போது மாலைதோறும் அவருடன் வேலைக்குப் போகிறார். அல்ஹம்துலில்லாஹ். யார் உஸ்தாத், யார் மாணவர் என்று சொல்ல முடியாத இந்த வகுப்புதான் நமக்கு முன்மாதிரி.

ஐந்தாவது, தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும். தகுதியுள்ள ஏழைகளுக்கு ஜகாத் நிதியிலிருந்து மார்க்க வரம்புக்குட்பட்டு உதவ இமாம் ஹஜ்ரத் அவர்களின் ஆலோசனையைக் கேட்டுள்ளோம். ஒரு பசித்தவருக்கு மாதந்தோறும் அரிசி கொடுப்பது நன்மை. அவரே பிறருக்கு அரிசி கொடுக்கும் நிலைக்கு உயர்த்துவது அதனினும் நிலையான நன்மை.

இந்தப் பதிவேடும் வகுப்பும் நம் ஜமாஅத்தாருக்கு மட்டும் உரியவையாக இருக்கக் கூடாது என்பதும் நம் விருப்பம். ஒரே படகில் நம்முடன் வலை இழுக்கும் கிறிஸ்தவச் சகோதரரும் இந்துச் சகோதரரும் அதே கடலில் அதே துன்பத்தை அனுபவிக்கிறார்கள். நம் வகுப்பில் இடம் இருக்குமானால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்து அமரட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

யாராவது "இத்தனை ஆயிரம் கட்டுங்கள், சான்றிதழ் வீட்டுக்கு வரும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சோதனை இல்லாமல் வரும் சான்று பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சி நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லும் தாளோடு ஒருவர் மின்கம்பியைத் தொட்டால், அந்தப் பொய் அவருடைய உயிரையோ பிறர் உயிரையோ வாங்கிவிடும். தாளில் உள்ள எண்ணையோ கட்டக் குறியீட்டையோ கைபேசியில் சரிபார்க்கத் தெரியாவிட்டால் ஜமாஅத் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். வியாழக்கிழமை தோறும் மஃரிபுக்குப் பின் கல்விக் குழுவினர் அங்கு இருப்போம். பணம் கட்டிய பிறகு வராதீர்கள், கட்டுவதற்கு முன்பு வாருங்கள்.

நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பைக் கையாண்டு கவசம் செய்தார்கள். ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் எண்ணம் நமக்கு நம் மார்க்கத்திலிருந்து வரவில்லை. அது இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. அதை உதிர்த்துவிடுவோம். ஆலிமுக்கு ஸனது வழங்கும் நாளில் நாம் எவ்வளவு மகிழ்ச்சியோடு கூடுகிறோமோ, அதே மகிழ்ச்சியோடு நம் வெல்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் தையல் தொழிலாளிக்கும் உண்மையான சோதனையில் தேறிய சான்று கைக்கு வரும் நாளிலும் கூடுவோம். அடுத்த ஆண்டு மலரில் அவர்களுடைய பெயர்களும், அவர்கள் சேர்ந்த வேலையும், மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கைகளின் உழைப்பில் பரக்கத்தையும், நம் சொல்லிலும் எழுத்திலும் உண்மையையும், கடலில் இருப்போர்க்கும் கரையில் காத்திருப்போர்க்கும் பாதுகாப்பையும் அருள்வானாக! நாம் தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.